கோப்பையும் கோப்பும்

‘வார் அண்ட் பீச்’ என்று ஒரு டீ இருக்கிறது. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் ஆங்கிலத் தலைப்பில் ஓரெழுத்தை மட்டும் மாற்றிப் பெயர் வைத்த, பீச் பழ வாசனை ஏற்றிய டீ. ஜேன் ஆஸ்டினுக்கு ‘ப்ரைட் அண்ட் பெப்பர்மின்ட்’ என்று ஒரு புதினா டீ. ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரேக்கு ஏர்ல் கிரே. இது கொஞ்சம் சோம்பேறிச் சிலேடை, ஆனாலும் மன்னித்துவிடலாம். டப்பாவும் புத்தகம் மாதிரியே இருக்கும், முதுகில் தலைப்போடு. அலமாரியில் நிஜப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் வெளிநாடு போய் வந்தபோது, “நீங்கதான் இலக்கியமெல்லாம் படிப்பீங்களே” என்று எனக்கு ஒன்று வாங்கி வந்தார். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு டீயோடு சண்டை இல்லை. அந்த டீயைச் சுற்றி நாம் கட்டி வைத்திருக்கும் கவிஞரின் ஒருநாளோடுதான் சண்டை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலை, ஜன்னல், ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளர், பக்கத்தில் ஒரு நோட்டு, நோட்டின் மேல் மூடி கழற்றிய பேனா. பூனை இருந்தால் விசேஷம். பின்னணியில் ராஜா வயலின். எந்த நேர்காணலை எடுத்தாலும் நாலாவது கேள்வி ‘உங்கள் எழுத்து நேரம் எது?’ என்றும் ஐந்தாவது கேள்வி ‘எழுதும்போது டீயா காபியா?’ என்றும் இருக்கும். கவிஞரும் பாவம், சளைக்காமல் பதில் சொல்கிறார். உலக அளவில் இதற்கு ஒரு பாரம்பரியமே உண்டு. ஷில்லர் மேசை டிராயரில் அழுகிய ஆப்பிளை வைத்துக்கொண்டு எழுதினார், பால்சாக் காபியாகக் குடித்துத் தீர்த்தார், ஆடன் மாத்திரை போட்டுக்கொண்டு எழுதினார். மேசன் கர்ரி இதையெல்லாம் திரட்டி 2013இல் ‘டெய்லி ரிச்சுவல்ஸ்’ என்று ஒரு புத்தகமே போட்டார். நல்ல புத்தகம், சுவாரசியமாகப் போகும். படித்து முடித்தால் நமக்கும் ஒரு ஆப்பிளை அழுக விடத் தோன்றும்.

நம்மூரில் பாரதியின் மீசையும் முண்டாசும் போட்ட காபி மக் கிடைக்கிறது. குருவிகளுக்கு அரிசியை அள்ளிப் போட்ட கதை இல்லாமல் ஒரு பாரதி நினைவுநாள் கடப்பதில்லை. சரி, அந்த அரிசி எங்கிருந்து வந்தது, அன்றைக்கு வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று யோசித்தவர்களுக்குச் செல்லம்மா ஞாபகம் வருவார். அதையும் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. 1921இல் பாரதி இறந்த பிறகு அவர் எழுதியவற்றை அச்சுக்குக் கொண்டுவர ‘பாரதி ஆச்ரமம்’ என்று ஒன்றைத் தொடங்கிப் பதிப்பித்தவர் யார்? அதே செல்லம்மா. குருவிக் கதை நூறு கட்டுரையில் வந்திருக்கிறது. இது எத்தனையில் வந்திருக்கிறது?

என் கட்சி இதுதான். கவிஞரின் அன்றாடத்தில் எது விற்குமோ அதை மட்டும் எடுத்து ‘படைப்பு வாழ்க்கை’ என்று பெயர் வைத்துவிட்டோம். கவிதை பிழைக்குமா சாகுமா என்பதைத் தீர்மானிக்கிற இன்னொரு பாதி இருக்கிறது. எதில் எழுதினார், எந்த ஃபான்டில் அடித்தார், எங்கே சேமித்தார், யாருக்கு அனுப்பினார், அந்த ஃபைல் இப்போது திறக்கிறதா என்ற பாதி. அதை இலக்கியத்துக்கு வெளியே தள்ளிவிட்டோம். தமிழில் ஒரு வசதி, ‘கோப்பை’ என்ற ஒரே சொல் டீ குடிக்கும் பாத்திரத்தையும் குறிக்கும், கோப்பு என்பதன் இரண்டாம் வேற்றுமையாகவும் வரும். ‘கவிஞரின் கோப்பைப் பார்த்தேன்’ என்று நான் சொன்னால் என் வாசக நண்பர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் டம்ளரைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரிய ஒரே காரணம், கவிஞர்கள் வட்டத்தில் நான் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி’. பகலில் மென்பொருள் வேலை, ராத்திரியில் கட்டுரை. எனக்கு வருகிற போன்களில் என் கட்டுரையைப் பற்றிப் பேசுபவை குறைவு. “தம்பி, நேத்து வரைக்கும் இருந்தது, இன்னைக்குத் திறந்தா எல்லாம் கட்டம் கட்டமா வருது.” “பென்டிரைவைச் சொருகினா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது, ஆமான்னு குடுக்கட்டுமா?” (குடுக்காதீங்க சார், தயவுசெய்து.) “வாட்ஸப்ல எழுதி வெச்சிருந்தேன், போனை மாத்திட்டேன்.” இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் எத்தனை குரலில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தெற்கே ஒரு சிறிய ஊரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நாலு தொகுப்பு போட்டவர். தமிழ்99 விசைப்பலகையில் நன்றாக அடிப்பார். மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப். அதில் ஒரு நாள் சாய்வுக்கோடு விசை செத்துவிட்டது. தமிழ்99இல் அந்த விசைதான் ‘ழ’. மூன்று வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ழகரம் இல்லாமலே எழுதியிருக்கிறார். மழை இல்லை, நிழல் இல்லை, வாழ்வு இல்லை, அழகு இல்லை, அழுகை இல்லை. தமிழே இல்லை. நான் போய் 400 ரூபாய் விசைப்பலகை ஒன்றை வெளியே சொருகிக் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார், “அந்த மூணு வாரம்தான் தம்பி கொஞ்சம் உருப்படியா எழுதினேன். மழை, நிழல் ரெண்டையும் புடுங்கிட்டா நம்ம பயலுக பாதிப் பேர் கடையை மூடணும்.”

இதைக் கேட்டதும் உங்களுக்கு இது அழகான கதையாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உஷாராக வேண்டிய இடம் அதுதான். இதையும் ஒரு ரீல் ஆக்கிவிடலாம், உடைந்த விசை, பக்கத்தில் டீ. ஆனால் அதே லேப்டாப்பில் அடுத்த வருடம் நடந்ததை யாரும் ரீல் எடுக்க மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் என் மாதிரி ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே பதினைந்து வருட எழுத்து. அச்சில் வராத ஒரு நெடுங்கவிதையும் அதில். தரவு மீட்கும் கடையில் 18,000 ரூபாய் கேட்டார்கள். அவருடைய நாலாவது தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, மதியச் சாப்பாடு என்று நண்பர்கள் அதைவிடக் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள். அதே நண்பர்களிடம் 18,000 கேட்டபோது, “அதான் புத்தகமா வந்துருச்சே?” என்றார்கள்.

புத்தகமா வந்துருச்சே. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

யாப்பில் எழுதினால் வரி எங்கே முடிகிறது என்று எதுகை மோனையே காட்டிக் கொடுத்துவிடும். அச்சுக்கோப்பவர் தப்பாக மடக்கினாலும் காது திருத்திக்கொள்ளும். புதுக்கவிதைக்கு அந்தக் காவல் இல்லை. ‘மழை இல்லை’ என்று ஒரே வரியில் எழுதினால் வானிலை அறிக்கை. ‘மழை’ என்று நிறுத்தி, அடுத்த வரியில் ‘இல்லை’ என்று எழுதினால் நடுவில் ஒரு நொடி மழை பெய்துவிடுகிறது. அந்த ஒரு நொடிதான் கவிதை என்று வைத்துக்கொண்டால், கணினிக்குள் அது என்னவாக இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு குறியாக. எண்டர் தட்டினால் வருகிற குறி. வேர்டில் தட்டினால் ஒரு மாதிரி, ஷிஃப்டோடு தட்டினால் வேறு மாதிரி. அப்படியே எடுத்து வலைப்பக்கத்தின் நிரலுக்குள் ஒட்டினால் உலாவி அதை வெறும் இடைவெளியாக எடுத்துக்கொண்டு நாலு வரியை ஒரே வரியாக்கும். மின்நூலில் போட்டால் செல்போன் திரைக்கு ஏற்ப நீள வரி தானாக மடங்கி, கவிஞர் உடைக்காத இடத்தில் உடைந்து நிற்கும். பழைய அச்சகக்காரர்கள் மடங்கி வந்த வரியை உள்ளே தள்ளிக் கோத்து, ‘இது புது வரி இல்லை, மேலே உள்ளதன் மிச்சம்’ என்று காட்டுவார்கள். அந்த மரியாதை இப்போது பெரும்பாலும் இல்லை.

இதற்கு மேல் ஃபாரம் கணக்கு. புத்தகம் ஃபாரம் ஃபாரமாக அச்சாகிறது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 96 பக்கம் ஆறு ஃபாரம். உங்கள் தொகுப்பு 97ஆம் பக்கத்தில் நாலு வரி நீண்டால் பதிப்பாளருக்குத் தலைவலி. இரவு பதினொரு மணிக்கு டிடிபி போடுகிறவர், நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும், என்ன செய்வார்? எங்கேயோ இரண்டு குட்டி வரிகளைச் சேர்த்துவிடுவார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். ஆனால் அந்தத் தொகுப்பைப் படித்துவிட்டு ‘இந்தக் கவிதையில் வரியமைப்பு சுவாச கதியைப் பின்பற்றுகிறது’ என்று ஒருவர் விமர்சனம் எழுதுகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் வரும். அது டிடிபிக்காரரின் சுவாசம், ஐயா.

ஆக, புத்தகமாக வந்துவிட்டது என்பது கவிதை பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. கவிஞர் அனுப்பிய ஃபைல் இருந்தால்தான் எது அவருடைய வரி, எது ஃபாரம் கணக்கு என்று பிரிக்க முடியும்.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு வழியாக மீட்டோம். பணத்தைப் புரட்டியது தனிக் கதை, விடுங்கள். பெரும்பாலான ஃபைல்கள் கிடைத்தன. திறந்தால் தமிழே இல்லை. ஐரோப்பிய எழுத்துகளும் சின்னங்களும் கலந்த குப்பை. இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இருபது வயதில் இருக்கிற வாசகர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

யூனிகோட் பரவுவதற்கு முன்பு கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய நாற்காலியில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தார்கள். பாமினி ஃபான்டில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் போவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அந்த ஃபான்ட் இருக்கும்வரை அது தமிழ், இல்லாவிட்டால் உளறல். பாமினி ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நாற்காலி வரிசை போட்டது. இணையத் தமிழர்கள் சேர்ந்து டிஸ்கி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. யூனிகோடில் தமிழ் 1991இலிருந்தே இருந்தது, ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண ஆட்களின் கணினியில் அது உயிர் பெறத் தொடங்கியது. பதிப்பகங்களோ பேஜ்மேக்கரை விடவில்லை. அதன் ஏழாம் பதிப்போடு அடோபி கடையைக் கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகும் பல வருடம் தமிழ்க் கவிதை அதற்குள்தான் வாழ்ந்தது.

நம் ஆசிரியரின் பழைய ஃபைல்கள் ஊரில் இருந்த ஒரு டிடிபி கடையில் அடித்தவை. கடை மூடியாயிற்று. ஃபான்டின் பெயர் கிடைத்தது, ஃபான்ட் கிடைக்கவில்லை. எந்த மாற்றிக்கும் அது தெரியவில்லை. கடைசியில் கல்வெட்டு படிக்கிற மாதிரிதான் படித்தோம். அவருடைய கவிதை ஒன்று சிற்றிதழில் அச்சானது, அதே கவிதையின் ஃபைல் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன். அதிகம் வருகிற குறி புள்ளி, அதை முதலில் பிடித்துவிட்டால் நூல் கிடைத்த மாதிரி. பழைய ஃபான்டுகளில் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். அதையெல்லாம் திருப்பிப் போட ஒரு சின்ன நிரல். எட்டு ராத்திரி. நெடுங்கவிதை மெதுவாகத் திரையில் வந்தது. சொல்லக் கூடாது, அந்த எட்டு ராத்திரியில் நான் குடித்த டீக்கு அளவில்லை.

முழுதாக வரவில்லை. இடையில் யாரோ அந்த ஃபைலை வெறும் உரையாகச் சேமித்திருக்கிறார்கள். அந்த ஃபான்டில் சில எழுத்துகள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அப்படிச் சேமிக்கும்போது பிடுங்கப்பட்டு, எல்லாமே ஒரே கேள்விக்குறியாகிவிட்டன. ணகரமும் னகரமும் இரண்டும் அதில் போயின. பெரும்பாலும் இடம் பார்த்து நிரப்பிவிடலாம். ஒரு வரியில் மட்டும் முடியவில்லை, ‘மனம்’ என்றாலும் பொருந்துகிறது, ‘மணம்’ என்றாலும் பொருந்துகிறது. ஆசிரியரையே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, இன்னொரு முறை படித்துவிட்டு, “ரெண்டும் சரியாத்தான் தம்பி இருக்கு” என்றார். எழுதியவருக்கே தெரியவில்லை. கோப்பு மட்டும்தான் அறிந்திருந்தது. அது போய்விட்டது.

இப்போது எமிலி டிக்கின்சன் பக்கம் வருகிறேன். அவரைப் பற்றியும் ஒரு கோப்பைப் பக்கம் உண்டு. வெள்ளை உடை, வெளியே வராத பெண், கூடையில் இஞ்சி ரொட்டி வைத்து ஜன்னல் வழியே குழந்தைகளுக்கு இறக்கியவர். அவருடைய கேக் செய்முறைகளை இன்றைக்கும் செய்து பார்க்கிறார்கள். ஒரு தேங்காய் கேக் செய்முறைத் தாளின் பின்பக்கத்தில் ஒரு கவிதையின் வரைவு இருக்கிறது. கேக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாளைத் திருப்பினால் நன்றாயிருக்கும். உறைகளைப் பிரித்து, கிடைத்த துண்டுத் தாள்களிலெல்லாம் எழுதினார். அதோடு நிற்கவில்லை. தன் கவிதைகளை மறுபடி படியெடுத்து, தாள்களை அடுக்கி, ஊசி நூலால் தானே தைத்து நாற்பது சிறு கட்டுகளாக வைத்தார். 1886இல் அவர் இறந்த பிறகு தங்கை லவீனியா அவற்றைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 1,800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை சுமார் பத்து.

1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய கோடுகளையும் நிறுத்தக்குறிகளையும் தங்கள் ருசிக்குத் திருத்தினார்கள். நம் டிடிபிக்காரரைப் போலக் கூலிக்காகக்கூட இல்லை, நல்லெண்ணத்தால். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பு வந்தபோதுதான் அந்தக் கோடுகள் திரும்பின. அறுபத்தைந்து வருடம். அது முடிந்ததற்குக் காரணம் அந்தக் கட்டுகள் இருந்தன. கவிஞரே தைத்து வைத்த கோப்பு.

‘கவிதை எழுதுவது கவிஞர் வேலை, ஃபைலைப் பார்த்துக்கொள்வது குமாஸ்தா வேலை’ என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். டிக்கின்சனைவிடப் பெரிய கவிஞராக இருப்பார் போல.

கணினியைத் தொடுவதே கவிதைக்குத் தீட்டு என்று நினைப்பவர்களுக்குப் பார்படோஸ் கவிஞர் கமௌ பிராத்வெய்ட்டைச் சிபாரிசு செய்கிறேன். 1986இல் மனைவி இறந்தார். 1988இல் கில்பர்ட் புயல் ஜமைக்காவில் அவர் வீட்டை அடித்து நொறுக்கியது, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூலகமும் ஆவணங்களும் சேற்றில் போயின. அந்தக் காலத்தில்தான் அவர் கணினித் திரையில் எழுத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றி மாற்றி எழுதத் தொடங்கினார். அந்தப் பாணிக்கு அவர் வைத்த பெயர் ‘சைகோராக்ஸ்’. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் காலிபனின் தாய், மேடைக்கே வராதவள். அவள் கணினிக்குள் இருக்கிறாள் என்றார். ஃபான்டும் வரியும் பக்கத்தின் வெண்மையும் அவருக்குக் கவிதையின் உடம்பு. நம்மில் சிலர் ‘எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுப்பா’ என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். மண்பானைத் தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்கிற தொனி. பேப்பரில்தான் எழுதுவேன் என்றால் எழுதுங்கள், அந்தப் பேப்பர் எங்கே என்றால் அதுவும் கிடையாது. டிடிபிக்குப் போனது, திரும்பி வரவில்லை.

ருஷ்டியின் நான்கு ஆப்பிள் கணினிகளை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் அவருடைய ஆவணங்களோடு சேர்த்து வாங்கி வைத்திருக்கிறது. அதில் ஒன்று கோக் கொட்டிப் பாழானது. அதையும்தான் வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அவருடைய பழைய திரையைப் போலியாக்கம் வழியாக அப்படியே திறந்து பார்க்கலாம். நம்மிடம் அந்தக் காசு இல்லை, தெரியும். ஆனால் உ.வே.சா.விடமும் காசு இல்லை. ‘நல்ல கவிதை எப்படியும் நிற்கும், காலம் காப்பாற்றும்’ என்கிறவர்கள் அவர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையைப் படித்துவிட்டு மறுபடி சொல்லட்டும். காலம் கரையானை அனுப்பிக்கொண்டிருந்தது, காப்பாற்றியது ஒரு மனிதர். 1984இல் ஆத்மாநாம் போன பிறகு அவருடைய கவிதைகள் இன்று நமக்கு முழுத் தொகுப்பாகக் கிடைப்பதற்குக் காலம் பொறுப்பில்லை, பிரம்மராஜன் பொறுப்பு.

என் சாதிக்காரர்களையும் விடுவதாக இல்லை. சாதி என்றால் பொறியாளர் சாதி. “யூனிகோட் வந்தாச்சு, இனி என்ன பிரச்சினை?” என்பார்கள். ‘அவர்’, ‘அவா்’. இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் ரகரம், இரண்டாவதில் துணைக்காலின் மேல் ஒரு புள்ளி. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. இந்தப் பக்கத்திலேயே தேடிப் பார்த்தால் ஒன்றைத் தேடும்போது இன்னொன்று சிக்காது. தட்டச்சுப் பழக்கத்திலிருந்தும் அரைகுறை மாற்றிகளிலிருந்தும் வந்த இந்தப் பேய் ர், இணையத்தில் எத்தனையோ பக்கங்களில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு ஒருவர் ஒரு கவிஞரின் சொல்லடைவு தயாரிக்கப் போனால் பாதிச் சொற்கள் இல்லையென்று வரும். நாம் செயலி செய்கிறோம், பேசுகிற இயந்திரம் செய்கிறோம், ஒரு ரகரத்தைச் சரிபார்த்துத் திருத்துகிற வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் கையால் இத்தனை நூல்களை ஏற்றியிருக்கிறது. அவர்களில் ஒருவரையாவது ஒரு இலக்கிய விழா மேடைக்கு அழைத்திருக்கிறோமா, ‘உங்கள் எழுத்து நேரம் எது’ என்று கேட்டிருக்கிறோமா?

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தோடு சம்பந்தப்பட்ட டீதான் வேண்டும் என்றால் நமக்கு இறக்குமதி தேவையில்லை. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று கிடைக்கிறது. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளிகளின் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதித் தொகுத்தார். அவரே கவிஞர். அந்தத் தோட்டங்களில் பாடியவர்களுக்கு நோட்டும் இல்லை, ஃபைலும் இல்லை, பாட்டு வாயிலேயே இருந்தது. ஒரு கவிஞர் தன் கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு அதைத் தாளுக்குக் கொண்டுவந்ததால் இருக்கிறது. இதை எந்த டப்பாவின் முதுகில் அச்சடிப்பது?

ஆகவே எழுதுகிற நண்பர்களே, உங்களைச் சந்திக்கும்போது இனி நான் டீயைப் பற்றி விசாரிக்க மாட்டேன். கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தீர்கள், இரண்டு பிரதி இரண்டு இடத்தில் இருக்கிறதா, அச்சுக்குப் போன இறுதி வடிவத்தைப் பதிப்பகத்திடமிருந்து யூனிகோடில் கேட்டு வாங்கினீர்களா, ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று நச்சரிப்பேன். விருதுக் குழுக்கள் விருதுத் தொகையில் கொஞ்சத்தை அந்தக் கவிஞரின் தாள்களையும் ஃபைல்களையும் ஒழுங்குபடுத்த ஒதுக்கினால், சால்வை ஒன்று குறையும், அவ்வளவுதான்.

போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வேலை மெனக்கெட்டுக் கடை கடையாக ஒரே கேள்வி கேட்டேன். கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, “இதோட ஃபைனல் ஃபைல் உங்ககிட்ட இருக்கா?” பெரிய கடைகளில் என்னைத் திருட்டுப் பதிப்புக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். “டிசைனர்கிட்ட இருக்கும் சார்.” டிசைனர் எங்கே? “அவரு இப்ப வேற வேலைக்குப் போயிட்டாரு.” இன்னொருவர், “பிடிஎஃப் இருக்கு, அதுவே போதுமே” என்றார். பிடிஎஃப் என்பது புகைப்படம் மாதிரி, ஆளில்லை என்று விளக்கப் போனேன், அதற்குள் பில் போட ஆள் வந்துவிட்டது.

கடைசி வரிசையில் ஒரு சின்னக் கடை. இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற பதிப்பகம், மொத்தமே பதினைந்து தலைப்பு இருக்கும். கல்லாவில் இருந்த பெண் என் கேள்வியைக் கேட்டதும் சந்தேகப்படவில்லை. போனை எடுத்து எதையோ திறந்து தேதிவாரியாக இருந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டுக் கேட்டார், “இருக்குண்ணா, எந்தப் பதிப்பு வேணும்? ரெண்டாவதுல பன்னெண்டாம் பக்கத்துல ஒரு வரியை அவங்க மாத்துனாங்க. முதல் பதிப்பு ஃபைலையும் தனியாத்தான் வெச்சிருக்கோம்.”